பூஞ்சை இல்லாத புள்ளிகள்

முத்தையாபுரம்
21.01.2024

வேலுவுக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். வெள்ளம் வடிந்து ஒரு மாதமாகியும் சுவரில் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கிறது. அங்கே குளிராமே. ஈரத்தலையோடு வெளியே போகாதே.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். போனில் பேச முடியவில்லை, அதனால்தான். மாமியார் என்றுதான் பேர், உன் நம்பர் வந்தாலே அத்தை கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். "ஏளா செல்வி, ஸ்பீக்கர்ல போடு. தம்பி என்ன சாப்ட்டான்னு கேளு. அங்கன பாம்பு திங்காகளாமே, இவனும் திங்கானா?" அவளை வைத்துக்கொண்டு எதைப் பேச? என் போனில் கேமராவும் சரியில்லை. வீடியோ கேட்காதே.

போன வாரம் பாளையங்கோட்டை டாக்டர் நோய்க்குப் பெயர் சொல்லிவிட்டார். மூட்டுவலிக்கு ஒரு டாக்டர், காய்ச்சலுக்கு ஒரு டாக்டர், முடி கொட்டுவதற்கு ஒரு எண்ணெய் என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தோமே, எல்லாம் ஒன்றுதானாம். லூப்பஸ். "வெளியிலேருந்து எதுவும் வரலம்மா. உங்களைக் காக்க வேண்டிய படையே உங்களை அடிக்குது" என்றார். உன் அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், "என்ன சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டார்.

மாத்திரை தந்திருக்கிறார். வெயில் ஆகாது. தூத்துக்குடியில் வெயில் ஆகாது என்றால் எங்கே போக?

குழந்தை பற்றி நானேதான் கேட்டேன். "பெத்துக்கலாம். இப்ப வேண்டாம். நோய் ஆறு மாசமாவது அடங்கிக் கிடக்கணும். அதுக்கப்புறம் மாத்திரையை மாத்தணும். இந்த மாத்திரையோட குழந்தை தங்குனா குழந்தைக்குக் கெடுதல்." அடங்கவில்லையென்றால் என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு முப்பத்தைந்து வயது, வேலு.

இது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். வயலில் ஏறிய ஆற்றுமணலை எப்படி அள்ளுவது என்று இருக்கிறார். அம்மா போன பிறகு அவருக்கு எதையும் சொல்லப் பயமாயிருக்கிறது. உனக்கும் ஒரு கட்டளை. கடிதத்தில் எழுதுவது கடிதத்தோடு நிற்க வேண்டும். போனுக்கு வரக்கூடாது. போனில் மழையையும் சாப்பாட்டையும் பேசுவோம்.

நீ அங்கே நெல்லை வைத்து என்னதான் செய்கிறாய்? "நெல்லு பாக்க அங்கன எதுக்குப் போனான், இங்கன நெல்லு இல்லையா?" என்று அப்பா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

மக்ரூன் அனுப்புகிறேன். உடையாமல் வந்தால் சொல்.

செல்வி


தைச்சுங், தைவான்
12.02.2024

அக்கா,

நன்றாக இருக்கிறேன். பாம்பு தின்னவில்லை என்று அத்தையிடம் சொல். மக்ரூன் பொடியாக வந்தது. கரண்டியால் தின்றேன்.

லூப்பஸ் என்ற சொல்லைப் படித்துவிட்டு வளர்ப்பறைக்குப் போனேன். நெல் நாற்றுகள் இருக்கும் அறை. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

என்ன செய்கிறேன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

குலைநோய் தெரியும். அப்பா வயலில் பார்த்திருக்கிறோம். அந்தப் பூஞ்சை இலையில் இறங்கும்போது செடியால் ஓட முடியாது. கையால் தட்டிவிட முடியாது. பூஞ்சை நுழைந்த செல் தானே செத்துவிடும். பக்கத்தில் இருக்கும் சில செல்களும் சாகும். உயிருள்ள செல்தான் பூஞ்சைக்கு முதல் சாப்பாடு. சுற்றிலும் செத்துக் கிடந்தால் அது பட்டினி. இலையில் ஒரு பழுப்புப் புள்ளி மிஞ்சும். செடி பிழைக்கும்.

சாகச் சொல்வது யார்? ஒரு புரதம். மற்ற ஜீன்களை எழுப்பும், அமர்த்தும். ரெகுலேட்டர் என்கிறோம். அதை வேளை வரும்வரை பிடித்து வைத்திருப்பது இன்னொரு ஜீன். நான் வளர்க்கும் செடியில் அந்தப் பிடி பழுது. பூஞ்சை வராமலே கட்டளை போய்விடுகிறது. இலை முழுக்கப் புள்ளி. கண்ணுக்கு நோய். உருப்பெருக்கியில் பார்த்தால் பூஞ்சையே இல்லை.

எதிரி இல்லை. போர் நடக்கிறது.

உன் டாக்டர் சொன்னதைப் படித்தபோது இந்தச் செடிதான் நினைவுக்கு வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. உனக்குத் துணைக்கு ஒருவர் இங்கே இருப்பதுபோல் தோன்றியது. எழுதிவிட்டேன்.

மாத்திரையை விடாதே. போனில் கேட்க மாட்டேன்.

வேலு


முத்தையாபுரம்
03.03.2024

அன்புத் தம்பிக்கு,

உடம்பு சுகமா? இருமல் என்றாயே, விட்டதா? இங்கே மூட்டுக்கு மட்டும் காலையில் மனசு வருவதில்லை. பத்து மணிக்கு மேல் வேலைக்கு வந்துவிடுகிறது, ஹார்பர் அதிகாரி மாதிரி.

ரெகுலேட்டர் என்றால் எனக்கு ஃபேன் ரெகுலேட்டர்தான். இங்கே அது ஐந்தில் மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. உன் செடியிலும் அப்படித்தான் என்று புரிந்துகொண்டேன். சரியா? அத்தானிடம் சொன்னேன். ஹார்பர் கிரேனில் உட்கார்ந்து கண்டெய்னர் பெட்டி தூக்குகிறவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "பிரேக் போன வண்டி" என்றார்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என்னைப் போல ஒன்று அங்கே தொட்டியில் நிற்கிறது என்பது எப்படியோ இருக்கிறது. நல்லவிதமாகத்தான். இரண்டு வருஷமாக யாரும் என்னைப் போல இல்லை. அதை இனி நம்ம செடி என்று சொல்வோம்.

மீன் கொண்டுவரும் பிலோமியைத் தெரியும்தானே, திரேஸ்புரத்துக்காரி. கடை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "கன்னம் ரெண்டும் செவந்து கெடக்கே மதினி, அண்ணன் கைய வச்சிட்டாரா?" அத்தைக்கு வந்ததே கோபம். "எம்மவன் கொசுவக்கூட அடிக்க மாட்டாம்ளா. நீ சாளைய நிறுத்துப் போடு." பிறகு நான் வெளியே இறங்கும்போதெல்லாம் பெரிய கறுப்புக் குடையோடு பின்னாலேயே வருகிறாள். பஸ் ஸ்டாப் வரைக்கும். ஊரே சிரிக்கிறது. "மாமியாக்காரி மருமகளுக்குக் குடை பிடிக்கா பாரு." "பிடிக்கேன், ஒனக்கு வயித்தெரிச்சலா?" என்கிறாள்.

அவளிடம் குழந்தைப் பேச்சை எடுத்தேன். "எனக்குப் பேரப்பிள்ளை வேணும்னு எவ சொன்னா? நீ நல்லாருந்தா போதும்" என்று எழுந்து போய்விட்டாள். அவளாவது திட்டியிருக்கலாம். வேண்டும் என்று சொல்கிறவள் நான் ஒருத்திதான்.

வேலு, நம்ம செடி கதிர் விடுமா? விட்டால் மணி பிடிக்குமா?

உடனே எழுது.

செல்வி


தைச்சுங்
22.03.2024

அக்கா,

இருமல் போய்விட்டது. இங்கே மழை. அறைக்குள் மழை தெரியாது. விளக்குதான் சூரியன்.

ஃபேன் சரி. பிரேக் இன்னும் சரி. அத்தான் என் ஆய்வகத்துக்கு வரலாம்.

கேட்டதற்குப் பதில். கதிர் விடும். வெளிச்சத்தைக் குறைத்து, குளிர்ச்சியாக வைத்தால் புள்ளிகள் குறையும். பூக்கும். பதர் அதிகம். ஆனால் பிடித்த மணி நல்ல மணி. முளைக்கப் போட்டேன், முளைத்தது. தாய்ச்செடி மற்றச் செடிகளுக்கு முன்பே காய்ந்துவிடும். கதிர் முற்றும்வரை நிற்கும்.

இன்னொன்று. போன வாரம்தான் பார்த்தேன். இந்தச் செடியின் பூவில் புள்ளியில்லாத நல்ல செடியின் மகரந்தத்தைப் போட்டிருந்தோம். அந்த விதைகள் முளைத்திருக்கின்றன. எல்லாம் பச்சை. ஒரு புள்ளிகூட இல்லை. தகப்பனிடமிருந்து வந்த ஒரு நல்ல ஜீன் போதும், பிடித்து வைத்துக்கொள்கிறது. நாற்றுத் தட்டு முழுக்க. பார்க்க அவ்வளவு அழகு. அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இங்கே யாரிடம் சொல்ல?

கன்னம் எப்படி இருக்கிறது? கேமரா சரியானதும் காட்டு.

வேலு


தைச்சுங்
19.05.2024

அக்கா,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. போனில் மழை பேசினாய். தூத்துக்குடியில் மே மாதம் என்ன மழை?

நான் நலம். பாளையங்கோட்டைக்குப் போனாயா? ரத்தம் சோதித்தார்களா? மாத்திரை?

ஒரு வரி போதும்.

வேலு


முத்தையாபுரம்
14.07.2024

என் தம்பிக்கு,

நீ, உன் செடிகள், உன் பேராசிரியர், எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா வயலில் மணல் அள்ளியாயிற்று. கார் நெல் விதைப்பு முடிந்தது. போனில் சொன்னாரா?

தாமதத்துக்குக் கோபிக்காதே. எழுத உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறேன், எத்தனையோ தடவை.

குழந்தை தங்கியிருக்கிறது. மூன்றாவது மாதம்.

உன் அத்தானிடமும் அத்தையிடமும் போன வாரம்தான் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனார். பிறகு ஹார்பரிலிருந்து போன் செய்தார். கிரேன் மேலேயிருந்து. "செல்வி, இங்கன இருந்து பாத்தா நம்ம தெரு தெரியுது" என்றார். தெரியாது. நடுவில் எவ்வளவு கட்டடம். அத்தை கடையில் இருந்த பேரீச்சம்பழ டப்பாவை எல்லாம் உள்ளே கொண்டுவந்து அடுக்கினாள். "டாக்டர் சொன்னாராளா? சரின்னாராளா?" என்று கேட்டாள். சரி என்றார் என்று சொன்னேன்.

பாளையங்கோட்டைக்குப் போகவில்லை. இங்கே பக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் பார்க்கிறேன். குழந்தை நன்றாக இருக்கிறது என்கிறார்.

மாத்திரை பற்றிக் கேட்காதே.

செல்வி


தைச்சுங்
30.07.2024

அக்கா,

நலம் விசாரிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

மாத்திரையைப் பற்றித்தான் கேட்கிறேன். எப்போது நிறுத்தினாய்? நீயாகவா? டாக்டரம்மாவிடம் லூப்பஸ் என்று சொன்னாயா?

நாலைந்து நாளாக மனிதர்களைப் பற்றிய கட்டுரைகள் படிக்கிறேன். எனக்குப் பழக்கமில்லை. இலையில் செத்த செல் தெரிய ஒரு நீலச் சாயம் ஏற்றுவோம். செத்தது மட்டும் நீலமாகும். மனிதருக்கு அப்படி இல்லை. சிறுநீரகத்தில் நடப்பது வெளியே தெரியாமல் நடக்கும் என்று போட்டிருக்கிறது. கர்ப்பத்தில் நோய் பெருகலாம் என்றும். குழந்தையோடு போடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன என்றும் போட்டிருக்கிறது. இருக்கின்றன, அக்கா. டாக்டர் மாற்றித் தருவார். அதைத்தானே முதலில் சொன்னார்.

நெல் ஒரு போகம்தான். கதிர் முற்றியதும் தாய்ச்செடியை அறுத்துவிடுவோம். அதை நான் எழுதவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

நீ செடி இல்லை.

நேற்று அத்தானோடு பேசினேன். "எல்லாம் நல்லாருக்கு மாப்ள. டாக்டரே சரின்னுட்டாரு" என்றார். வாய் வரை வந்தது. கடிதத்தோடு நிற்க வேண்டும் என்று நீ சொன்னதால் மென்று விழுங்கினேன். நீயும் பக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் மூச்சு கேட்டது.

நீயே சொல்லிவிடு. உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

வேலு


முத்தையாபுரம்
20.08.2024

வேலுவுக்கு,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கப் போவதில்லை. தூங்கவில்லை என்று உன் எழுத்திலேயே தெரிகிறது.

நீ கேட்டதற்கு வரிசையாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. சித்திரைப் பிறப்புக்கு அடுத்த நாள் நிறுத்தினேன். நானாகத்தான். டாக்டரம்மாவிடம் மூட்டுவாதம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆறு மாதம் அடங்கிக் கிடக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு தடவை ரத்தம் பார்க்கும்போதும் அடங்கவில்லை. இனி ஆறு மாதம், பிறகு மாத்திரையை மாற்ற, பிறகு இன்னொரு ஆறு மாதம். எண்ணிப் பார்த்தேன். அப்புறம் எண்ணவில்லை. உன் கடிதம் வந்தது. தட்டு முழுக்கப் பச்சை, ஒரு புள்ளிகூட இல்லை என்று எழுதியிருந்தாய். நல்ல தகப்பன் போதும் என்று. உன் அத்தானைவிட நல்லவர் உண்டா?

தாய்ச்செடி முன்பே காயும் என்றும் எழுதியிருந்தாய். அதையும்தான் படித்தேன். கதிர் முற்றும்வரை நிற்கும் என்று போட்டிருந்தது.

உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. நீ எழுதாவிட்டாலும் எதிலாவது படித்திருப்பேன். பஞ்சாங்கத்தில்கூட.

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. எல்லோருக்கும் வீங்கும் என்று பிலோமி சொன்னாள். அவள் மூன்று பெற்றவள். மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ் வாங்கித் தந்தாள். அத்தை குடையோடு பின்னால் வந்தாள். தேர் பார்க்க வந்த ஜனம் குடையைப் பார்த்தது. "எவ இவ, ராத்திரியில குடை பிடிக்கா?" என்று ஒருத்தி கேட்க, "தேரு லைட்டு பட்டுறக்கூடாதுல்லா" என்றாள் அத்தை. நானும் பிலோமியும் சிரித்துச் சிரித்து நடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில் வயிற்றுக்குள் ஒன்று அசைந்தது. முதல் தடவை. மீன் வாலடிப்பது போல.

இதை நீ யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் எனக்குத் தம்பி இல்லை.

செல்வி


தைச்சுங்
04.09.2024

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. கால் வீக்கம் என்ற வரியைப் படித்தேன். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டேன். கிரேனில் இருந்தார். காற்று இரைந்தது. எல்லாம் சொன்னேன். மாத்திரை, பாளையங்கோட்டை, வாதம் என்று நீ சொன்னது. அவர் "இறங்குதேன்" என்றார்.

ஜூலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடிதம் போய், கடிதம் வர, ஐந்து வாரம் காத்திருந்தேன். எதற்கு?

தம்பி இல்லை என்று வைத்துக்கொள். பரவாயில்லை. பாளையங்கோட்டைக்குப் போ.

வேலு


பாளையங்கோட்டை
17.11.2024

வேலுவுக்கு,

சுகம். ஆஸ்பத்திரிக்காரர்கள் சுகம் என்று எழுத விடமாட்டார்கள், நான் எழுதுகிறேன். கை வீங்கியிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கிறது. நீ படித்துவிடுவாய்.

செப்டம்பரில் வந்தவுடன் டாக்டர் ஒன்று சொன்னார். சிறுநீரகம் கெட்டிருக்கிறது, இப்போதே கலைத்துவிடுவது நல்லது என்றார். அதற்கு நான் சொன்னதையும், உன் அத்தான் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றதையும் உனக்கு எழுத மாட்டேன். அத்தை என் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாள். "எனக்கு நீ போதும்ளா" என்று. எனக்கு நான் போதவில்லை, வேலு.

இப்போது ஏழாவது மாதம். நல்ல மாத்திரை எல்லாம் தருகிறார்கள். டாக்டர் திட்டுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தை நர்சுகளோடு தினம் சண்டை. "ஏ நர்சம்மா, சன்னல் திரைய ஒழுங்கா மூடு. எம் மருமகளுக்கு வெயில் ஆவாது." "பாட்டி, இது டியூப் லைட்டு." "டியூப் லைட்டுன்னா? அதையும் மூடு." போன வாரம் வார்டிலேயே வளையல் போட்டாள். பிலோமி திரேஸ்புரத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கண்ணாடி வளையல் மாட்டிவிட்டுப் போனாள். கை வீக்கத்தில் நாலுதான் ஏறியது. மீதியை ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கும் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குப் போட்டுவிட்டாள்.

உன்மேல் கோபம் இருந்தது. ஒரு மாதம். பிறகு படுத்துக்கொண்டு யோசித்தால், யார்மேல் கோபம் என்று பிடிபடவில்லை. நீ சொன்னதால்தான் அவர் கிரேனை விட்டு இறங்கி வந்தார். இங்கேயே இருக்கிறார். லீவு போட்டுவிட்டு, என் கால் விரலை நீவிக்கொண்டு. ஒன்பது வருஷத்தில் இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை.

உன்னை வரச் சொல்ல மாட்டேன். தை பிறக்கட்டும், குழந்தையைப் பார்க்க வா. அப்போது வந்தால் உனக்கும் லீவு வீணாகாது.

எழுதியது போதும், கை வலிக்கிறது.

உன் அக்கா


தைச்சுங்
20.01.2025

அத்தானுக்கு,

வந்து சேர்ந்தேன். உங்கள் உடம்பும் அத்தை உடம்பும் பாப்பா உடம்பும் எப்படி என்று எழுதுங்கள். பாப்பாவுக்கு இன்னும் எடை ஏற வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே.

பதினாறாம் நாள் முடிந்து கிளம்பும்போது உங்களிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா இறந்த சேதி கேட்டு மூன்று விமானம் மாறி வந்தவன், ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிட்டேன். மாடியில் துணி எடுக்க வந்தீர்களே. பாப்பாவின் துணி, கைக்குட்டை அளவு. அப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வந்தேன். நீங்கள் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணிக்கொண்டிருந்தீர்கள். எண்ணிக்கை தவறி மறுபடி ஆரம்பித்தீர்கள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

சொல்ல வேண்டியது இருக்கிறது. அதை எழுத வரவில்லை.

இங்கே வேறு செடி கேட்டு வாங்கிக்கொண்டேன். இது வேர் பற்றிய வேலை. மண்ணுக்கடியில் இருப்பதால் தினமும் கண்ணில் படாது.

அப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், முடிந்தபோது.

செந்தூர்வேல்


முத்தையாபுரம்
13.04.2025

மாப்பிள்ளைக்கு,

இங்கு நானும் அம்மாவும் பாப்பாவும் இருக்கிறோம். மாமாவைப் போய்ப் பார்த்தேன். வெயில் ஏறுமுன்பே போய் வரப்பில் நிற்கிறார், நான் போனதும் வீட்டுக்கு வந்தார். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்கு அதுதான் காரணம். உன் அக்கா எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டதில்லை. நீ சொல்ல வந்ததை எப்போது வேண்டுமானாலும் சொல். சொல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எழுதுவது பாப்பாவைப் பற்றி. எடை ஏறிவிட்டது. சிரிக்கிறாள். என் குரலுக்குத் திரும்புகிறாள். பிறந்தபோது மஞ்சள் காமாலை என்று நீல விளக்கில் வைத்திருந்தார்களே, நீ வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாய். அதிலிருந்து எடுத்த பிறகு முகத்தில் புள்ளி வந்தது. கண்ணைச் சுற்றி, கன்னம் ரெண்டிலும், வட்டம் வட்டமாகச் சிவப்பு. உன் அக்காவுக்கு இருந்த அதே இடம். நீ ஊருக்குப் போன பிறகுதான் அதிகமாயிற்று. உனக்குப் போனில் காட்டவில்லை. காட்ட மனசு வரவில்லை.

பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் இருதயம் எல்லாம் சோதித்துப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. "இது நோய் இல்லை முத்துமணி. அம்மாவோட ரத்தத்துல இருந்தது, குழந்தைக்குள்ள கொஞ்சம் வந்திருக்கு. குழந்தைக்குச் சொந்த ரத்தம் ஊற ஊற அது கரைஞ்சிரும். ஆறேழு மாசத்துல சுத்தமாப் போயிரும். தழும்புகூட இருக்காது. சந்தோஷமாப் போங்க" என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "கரையும்னா, கரையுறது அவதான டாக்டரே?" என்று கேட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதிலிருந்து தினமும் காலையில் பாப்பாவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிறாள். வெயில் படாமல்தான். "கண்ணுக்குக் கீழ இருந்தது போயிட்டு." "இந்தக் கன்னத்துல நேத்து இருந்தது, இன்னைக்கு இல்ல." யாரோ பஸ் ஏறிப் போகிறவர்களைச் சொல்வது போலச் சொல்லுகிறாள். பிலோமி வந்து பார்த்து, "பிள்ளை முகம் தெளிஞ்சிட்டே!" என்று சந்தோஷப்பட்டாள். அம்மா அவளிடம் மீன் வாங்கவில்லை.

நல்ல சேதிதான், மாப்ள. நானும் வேண்டிக்கொண்டதுதான். பிள்ளைக்கு ஒன்றும் இருக்கக்கூடாது. ஆனால் ராத்திரி ஷிஃப்டு முடிந்து வந்தால் நானும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"வேலு புள்ளியப் பத்திப் படிச்சவன்தான, அவன்கிட்ட எழுதிக் கேளு. ஒண்ணே ஒண்ணு, பிள்ளைக்குக் கெடுதல் இல்லாம, இருக்க வைக்க முடியுமான்னு கேளு" என்கிறாள் அம்மா. முடியாது என்று எனக்கே தெரியும். நீ பதில் போட வேண்டாம். கேட்டு எழுதியாயிற்று என்று அவளிடம் சொல்லிவிடுவேன்.

இப்போது காதோரம் ஒன்றுதான் இருக்கிறது. இன்று காலை அம்மா காலை நீட்டி, பாப்பாவைக் கிடத்தி எண்ணெய் தேய்த்தாள். உச்சி, நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் அழுத்தி நீவினாள். அந்த இடத்துக்கு வந்ததும் விரலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள்.

முத்துமணி